குட்டை வெட்டும் முன் ஒரு வரைபடம்: பழவேற்காட்டுக் கரையில் மீன் பண்ணைக்கு இடம் பார்ப்பது எப்படி?

"அண்ணே, தடாவுக்குக் கிழக்கால அஞ்சு ஏக்கர் குத்தகைக்கு வருது. பக்கத்துலயே கால்வாய் ஓடுது. குட்டை வெட்டலாமா?"

ஆரம்பாக்கம், சுண்ணாம்புக்குளம், தடா, சூலூர்பேட்டை என்று தமிழக-ஆந்திர எல்லையின் இரண்டு பக்கமும் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழும். பதிலும் தயாராக இருக்கும்: பக்கத்து நிலத்துக்காரர் போன வருஷம் வெட்டினார், நாலு காசு பார்த்தார், நீயும் வெட்டு. இப்படி இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் இந்தக் கரையில் நிறையப் பேர். தீவனம் சரியில்லை என்றால் மாற்றலாம். குஞ்சு சரியில்லை என்றால் அடுத்த முறை வேறு பொரிப்பகத்தில் வாங்கலாம். கரை போட்டு, மோட்டார் இறக்கி, ஏரேட்டர் மாட்டிய பிறகு இடமே சரியில்லை என்று தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

நிலத்தில் பொக்லைன் இறங்கும் முன்பே அந்தக் கேள்வியை முறையாகக் கேட்டுப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் புவியியல் தகவல் முறைமை, சுருக்கமாக ஜி.ஐ.எஸ். பெயர் பெரிதாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் யோசனை எளிது. ஒரு ஊரின் மண், தண்ணீர், மேடு பள்ளம், சாலை, குடியிருப்பு ஒவ்வொன்றையும் தனித்தனி டிரேசிங் தாளில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எந்த இடத்தில் எல்லாம் கூடி வருகிறது என்று தெரியும் அல்லவா? அதைக் கணினியில், அளவு தவறாமல் செய்வதுதான் ஜி.ஐ.எஸ். ஒவ்வொரு தாளுக்கும் 'அடுக்கு' என்று பெயர். மீன் வளர்ப்புக்கு இதைப் பயன்படுத்துவது புதிதும் அல்ல. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1987-லேயே கோஸ்டாரிகா நாட்டின் நிக்கோயா வளைகுடாவுக்கு இப்படி ஆய்வு செய்து வெளியிட்டது.

நம் கரைக்கு இது ஏன் தேவை என்பதைப் பழவேற்காடு ஏரியே சொல்லும். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது, தெற்கு ஓரம் மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டம். தெற்கே ஆரணி ஆறும் வடக்கே காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. இரண்டுக்கும் நடுவில் பக்கிங்காம் கால்வாய். இவ்வளவு வகைத் தண்ணீர் கலக்கும் இடத்தில் இரண்டு கிலோமீட்டர் தள்ளினாலே கதை மாறிவிடும். பக்கத்துக்காரர் அனுபவத்தை அப்படியே நம்ப முடியாததற்கு அதுதான் காரணம்.

முதலில் கூடாத இடங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக 'நல்ல இடம் எது' என்று தேடப் போவார்கள். அப்படிப் போகாதீர்கள். முதல் வேலை, கூடாத இடங்களைக் கறுப்படித்து நீக்குவது. பாதி வரைபடம் இதிலேயே மறைந்துவிடும். மிச்சத்தைப் பார்த்தால் போதும்.

எவை கூடாதவை என்பதில் சட்டம் முதலில் வருகிறது. 1990-களின் தொடக்கத்தில் இறால் பண்ணைகள் இந்தக் கரையில் கட்டுப்பாடின்றிப் பெருகின. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கக் கூடாது என்று நம் ஏரியின் பெயரையே குறிப்பிட்டது அந்தத் தீர்ப்பு. பிறகு 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது, 2023-ல் அது திருத்தப்பட்டது. 2005 வழிகாட்டு நெறிகளில் வரைபடத்துக்கு நேரடியாகப் பயன்படும் தூரங்கள் இருக்கின்றன: 500 பேருக்குக் குறைவான ஊரிலிருந்து 100 மீட்டர், அதைவிடப் பெரிய ஊரிலிருந்து 300 மீட்டர், குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். அலையாத்திக் காடு, விவசாய நிலம், உப்பளம், சரணாலயம் ஆகியவற்றைப் பண்ணையாக மாற்றக் கூடாது. இப்போது எந்த விதி எந்த அளவில் நடைமுறையில் இருக்கிறது என்பதைச் சென்னையில் உள்ள ஆணைய அலுவலகத்தில் கேட்டு, அந்த எண்ணையே வரைபடத்தில் போடுங்கள். எல்லையின் இரு பக்கமும் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் விண்வெளி மையத்தின் பாதுகாக்கப்பட்ட பகுதி இருக்கிறது. அவையும் கறுப்புக்குள் போக வேண்டும்.

இந்தத் தூரங்களை ஜி.ஐ.எஸ். மென்பொருளில் 'பஃபர்' என்ற கருவி வரைந்து தரும். கிராமத்தின் எல்லையைக் காட்டி 300 என்று அடித்தால் சுற்றிலும் 300 மீட்டருக்கு வளையம் விழும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. இணையத்தில் எடுக்கும் வரைபடங்கள் பெரும்பாலும் அட்சரேகை தீர்க்கரேகை அளவில், அதாவது பாகையில் இருக்கும். அதில் 300 என்று அடித்தால் மென்பொருள் 300 பாகை என்றே எடுத்துக்கொள்ளும். வளையம் உலகத்தையே மூடிவிடும். அதனால் முதலில் எல்லா அடுக்குகளையும் மீட்டர் அளவுக்கு மாற்ற வேண்டும். நம் பகுதிக்கு அது யு.டி.எம். 44 வடக்கு மண்டலம். மென்பொருளில் 32644 என்ற எண்ணைத் தேடினால் கிடைக்கும்.

தண்ணீர், மண், மட்டம்

மிஞ்சிய இடங்களில் எது நல்லது என்று பார்க்க நிறைய அடுக்குகள் இருந்தாலும், ஆளைத் தூக்கி நிறுத்துவதும் கவிழ்ப்பதும் இந்த மூன்றும்தான்.

முதலில் உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும்; இதை 35 பிபிடி என்பார்கள். வனாமி இறால் கூடக் குறைய எதையும் தாங்கும் என்றாலும் 10 முதல் 25 வரை இருந்தால் நன்றாக வளரும். கொடுவா மீன் நன்னீரிலிருந்து கடல்நீர் வரை எதிலும் பிழைக்கும், மடவையும் பால்மீனும் அப்படித்தான். பழவேற்காட்டில் வடகிழக்குப் பருவமழை முடியும் நேரத்தில் ஆற்று வாயருகே தண்ணீர் கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் ஆழமில்லாத இடங்களில் உப்பு கடலையே மிஞ்சும். ஆக, ஒரே ஒரு நாள் அளந்த உப்பு பொய் சொல்லும். சித்திரையில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று, தையில் ஒன்று என்று குறைந்தது மூன்று அடுக்கு வேண்டும்.

உப்பைச் செயற்கைக்கோள் அளந்து தராதா என்று கேட்பார்கள். கடல் உப்பை அளக்கும் செயற்கைக்கோள்கள் பல பத்து கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரே ஓர் எண்ணைத்தான் தரும். ஓடைக்கும் கால்வாய்க்கும் அது உதவாது. உப்பை அளக்கும் கைக்கருவியான ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்துக்கொண்டு படகில் போய், ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, கைபேசியில் இருப்பிடத்தோடு குறிக்க வேண்டும். அந்தப் புள்ளிகளுக்கு இடையில் இருக்கும் தண்ணீரின் உப்பை மென்பொருள் கணக்குப் போட்டு நிரப்பும். நிரப்பும்போது கவனம். ஏரிக்குள் எடுத்த புள்ளிகளையும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அந்தப் பக்கம் வங்கக் கடலில் எடுத்த புள்ளிகளையும் சேர்த்துக் கொடுத்தால், நடுவில் ஒரு தீவே நிற்பது மென்பொருளுக்குத் தெரியாது. இரண்டையும் நேர்கோட்டில் கலந்து, ஏரியின் கிழக்குக் கரையில் இல்லாத கடல்நீரைக் காட்டும். ஏரிப் புள்ளிகளைத் தனியாகவும் கடல் புள்ளிகளைத் தனியாகவும் வைத்தே கணக்கிட வேண்டும்.

மண் விஷயத்தில் அளவுகோல்தான் ஏமாற்றும். மாவட்ட மண் வரைபடங்கள் பல 1:2,50,000 அளவில் அச்சானவை. அதில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 250 மீட்டர். ஐந்து ஏக்கர் சதுர நிலத்தின் ஒரு பக்கம் சுமார் 142 மீட்டர். அந்த வரைபடத்தில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். பேனா முனை வைத்தால் மறைந்துபோகும் இடத்துக்கு 'களிமண்' என்று நிறம் தீட்டியிருப்பதை நம்பிக் குட்டை வெட்ட முடியுமா? அந்த வரைபடம் எந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று கை காட்டும், அவ்வளவுதான். நிலத்தில் ஆளுயரக் குழி தோண்டி, ஈர மண்ணை உருட்டிப் பார்க்க வேண்டும். உடையாமல் நீண்டு வந்தால் தண்ணீர் நிற்கும். இந்தக் கரையில் மேலே ஒன்றரை அடி களியும் கீழே முழுக்க மணலும் இருக்கும் இடங்கள் உண்டு. மேலே மட்டும் பார்த்தவர் தண்ணீரை நிலத்துக்குள் ஊற்றிக்கொண்டே இருப்பார், அது பக்கத்துக் கிணற்றில் உப்பாக ஏறும். பழைய அலையாத்தி நிலமாக இருந்தால் தோண்டிய மண்ணைக் காயவைத்து அதன் கார அமில நிலையைப் பாருங்கள். கேரளத்தின் குட்டநாட்டில் பெயர்போன அமில மண் போல, ஈரமாக இருக்கும்போது சாதுவாக இருந்துவிட்டுக் காற்றுப் பட்டதும் புளித்துப்போகும் மண் அது.

மட்டத்துக்கு, அதாவது தரையின் உயரத்துக்கு வருவோம். எனக்குத் தெரிந்து ஜி.ஐ.எஸ். வரைபடங்களில் மிக அதிகமாகத் தவறு நடப்பது இதில்தான். சென்னைக் கடற்கரையில் கடல்நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிய நாட்களில்கூட ஒரு மீட்டரைச் சுற்றித்தான், ஏரிக்குள் அதைவிடவும் குறைவு. குட்டையின் தரை இந்தச் சின்ன இடைவெளிக்குள் சரியான உயரத்தில் அமைந்தால்தான் வற்றத்தில் தண்ணீர் தானாக வடியும். தாழ்ந்துவிட்டால் மழைக்கு மூழ்கும். உயர்ந்துவிட்டால் வருஷம் முழுக்க டீசல் செலவு. பலரும் இதற்குப் பயன்படுத்துவது இலவசமாகக் கிடைக்கும் எஸ்.ஆர்.டி.எம். உயர வரைபடத்தை. 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்தது. மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் அருமையானது. ஆனால் அதன் உயரக் கணக்கில் பல மீட்டர் பிழை இருக்கலாம். ஒரு மீட்டருக்குள் முடிவெடுக்க வேண்டிய இடத்தில், பல மீட்டர் பிழையுள்ள வரைபடம் எதற்கு? தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று பொதுவாகப் பார்க்க வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். குட்டையின் மட்டத்துக்குச் சர்வேயரை அழைத்து ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்கு வழி கிடையாது.

வெள்ளம் எங்கே நிற்கும் என்பதற்கு மட்டும் செயற்கைக்கோள் மிகவும் உதவும். மழை நாளில் மேகம் மூடியிருப்பதால் சாதாரணப் படத்தில் ஒன்றும் தெரியாது. சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இந்தக் கரையை ஒட்டி வடக்கே போனபோது கொட்டிய மழையில் எவ்வளவு தூரம் தண்ணீர் ஏறியது என்பதை அந்தப் படங்களிலிருந்து, காசு கொடுக்காமல், அடுக்காக எடுத்துக்கொள்ளலாம்.

மதிப்பெண் போடுவதில் இருக்கும் ஆபத்து

அடுக்குகள் தயாரானதும் ஒவ்வோர் இடத்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்து, எது முக்கியமோ அதற்கு அதிக எடை கொடுத்துக் கூட்டுவது வழக்கம். தண்ணீருக்கு 35 சதம், மண்ணுக்கு 30, மட்டத்துக்கு 20, சாலை-மின்சாரத்துக்கு 15 என்று வைத்துக்கொள்வோம். ஒரு இடம் தண்ணீரில் 5, மண்ணில் 4, மட்டத்தில் 2, சாலையில் 5 வாங்குகிறது. கூட்டினால் 4.10. இன்னோர் இடம் 3, 4, 5, 4 வாங்குகிறது, கூட்டினால் 3.85. வரைபடம் முதல் இடத்தைப் பச்சையாகக் காட்டும். ஆனால் அந்த இடம் மட்டத்தில் 2 வாங்கியது. ஐப்பசி வெள்ளத்தில் கரை உடைந்தால், சாலை பக்கத்தில் இருந்ததால் கிடைத்த மதிப்பெண் இறாலைக் காப்பாற்றுமா?

ஒன்றில் இருக்கும் குறையை இன்னொன்றின் நிறை மறைத்துவிடுவது இந்த முறையின் பெரிய ஓட்டை. அதனால் கூட்டுவதற்கு முன் ஒரு வாசற்படி வையுங்கள்: தண்ணீர், மண், மட்டம் மூன்றில் எதிலாவது 3-க்குக் கீழே போனால், மொத்தம் எவ்வளவு வந்தாலும் அந்த இடம் வேண்டாம். எடையை யார் முடிவு செய்வது என்பதும் முக்கியம். இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடை கண்டுபிடிக்கும் முறையைத் தாமஸ் சாட்டி என்ற கணித அறிஞர் 1970-களில் உருவாக்கினார், இன்றும் பலர் அதையே பயன்படுத்துகிறார்கள். முறை நன்றாக இருந்தாலும் யாரை உட்காரவைத்துக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் விடை வரும். பண்ணை முதலாளியைக் கேட்டால் ஒரு எடை, வலை போடுகிறவரைக் கேட்டால் வேறொரு எடை.

மேலிருந்து தெரியாத அடுக்குகள்

நிலத்தைப் படமெடுக்கும் இந்தியாவின் ரிசோர்ஸ்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் 2003, 2011, 2016 ஆண்டுகளில் இதே ஏரிக்கரையில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் ஏவப்பட்டன. அவற்றின் லிஸ்-3 கேமராவில் ஒரு புள்ளி என்பது தரையில் 23.5 மீட்டர், ஐந்து ஏக்கருக்கு 37 புள்ளிகள் கிடைக்கும். சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர். அதே நிலத்துக்குச் சுமார் 200 புள்ளிகள். தண்ணீர், சேறு, செடி, குட்டை எல்லாம் அதில் பிரிந்து தெரியும். ஆனால் இந்த ஏரியை நம்பி வாழ்பவர்களின் உரிமை எந்தப் படத்திலும் தெரியாது.

பழவேற்காட்டில் பாடு முறை இருக்கிறது. ஏரியில் இறால் வலை கட்டும் இடங்கள் கிராமங்களுக்கு இடையிலும், கிராமத்துக்குள் குடும்பங்களுக்கு இடையிலும் முறை வைத்துப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. இன்று யார், எந்த இடத்தில் என்பது ஊருக்குள் எல்லாருக்கும் தெரியும். செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் வெறும் நீலம். 'காலியாக இருக்கிறது' என்று நினைத்து அங்கே அடைப்பு போட்டால் ஒரு ஊரின் சோற்றில் கை வைக்கிறோம். முழங்கால் ஆழத் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடித்து, கூடையில் போட்டுக்கொள்ளும் இருளர் பெண்களின் இடமும் அப்படித்தான். வலை இல்லை, படகு இல்லை, மேலிருந்து பார்த்தால் ஓர் அடையாளமும் இல்லை. மாடு ஓட்டிப் போகும் தடம், ஏரிக்கு இறங்கும் பாதை, ஆழமில்லாத மேய்ச்சல் புறம்போக்கு எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

இந்த அடுக்கை வரையாமல் செய்த இடத்தேர்வு வரைபடத்தை நான் முடிந்த வேலையாக ஏற்றுக்கொள்ள மாட்டேன். வழி கடினமும் அல்ல. ஏரியின் படத்தைப் பெரிய தாளில் அச்சடித்து, கிராமப் பெயர்களைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, கோயில் திண்ணையிலோ வலைக் கூடத்திலோ விரித்து வைத்தால் போதும். "இது வடக்கு, இது லைட் ஹவுஸ்" என்று ஒருமுறை காட்டிவிட்டால் பெரியவர்கள் விரல் வைத்துச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். "இங்க மார்கழியில தண்ணி இடுப்பளவு நிக்கும் தம்பி", "இந்த மடுவுலதான் கொடுவா குஞ்சு கூடும்" என்று வந்து விழும் ஒவ்வொரு சொல்லும் ஒரு புள்ளி. ஆண்களிடம் மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். கரையோரத்தைப் பற்றிப் பெண்களுக்குத்தான் கூடுதலாகத் தெரியும். எல்லாவற்றையும் பென்சிலால் குறித்துவந்து கணினியில் ஏற்றினால், அதுவும் மற்ற அடுக்குகளைப் போலவே கறுப்பும் வெள்ளையுமாக உட்கார்ந்துகொள்ளும்.

மிதவைக் கூண்டில் கொடுவா வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூண்டுக்கு ஆழம் வேண்டும். இரண்டு மீட்டர் வலை, அதன் அடிக்கும் சேற்றுக்கும் இடையே ஒரு மீட்டராவது இடைவெளி என்றால் வற்றத்திலும் மூன்று மீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியில் அவ்வளவு ஆழமே கிடையாது. ஆழ அடுக்கு ஒன்றைப் போட்டாலே இந்தக் கேள்வி முடிந்துவிடும்.

வரைந்ததைச் சோதிப்பது

வரைபடம் சரியா என்று பார்க்க நம் கரையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது: கைவிடப்பட்ட பழைய குட்டைகள். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்கள் 1972 முதல் இருக்கின்றன, இலவசம். 1990-களில் எங்கெங்கே குட்டைகள் இருந்தன, அவற்றில் எவை இன்றும் ஓடுகின்றன என்று குறித்துக்கொண்டு, நம் வரைபடத்தின்மேல் வையுங்கள். நாம் 'மிக நன்று' என்று பச்சையடித்த இடத்தில் கைவிட்ட குட்டைகள் குவிந்து கிடந்தால் ஏதோ ஒரு அடுக்கை விட்டுவிட்டோம் என்று பொருள். எல்லாம் இடத்தின் குற்றமும் அல்ல. 1994-95-ல் இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் அடித்தது, அடுத்து நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஆனால் அந்த நோய் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கும் இடத்துக்கும் தொடர்பு உண்டு. ஒரே கால்வாயில் ஒருவர் கழிவுநீரை விட, இரண்டு குட்டை தள்ளி இன்னொருவர் அதையே உள்ளே இழுத்தார். இன்று வரையும் வரைபடத்தில் ஒவ்வொரு பண்ணையின் நீர் எடுக்கும் வாயையும் விடும் வாயையும் புள்ளியாக வைத்து, இடையே உள்ள தூரத்தையும் நீரோட்டத்தின் திசையையும் பார்த்தாக வேண்டும். ஒரு கால்வாய் பத்துப் பண்ணையைத் தாங்கும், ஐம்பதைத் தாங்காது. அதனால் தனி நிலத்துக்கு மட்டும் வரைந்தால் போதாது, கால்வாய் முழுவதற்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தொடங்குவதற்குச் செலவு அதிகம் இல்லை. கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம், சாதாரண மடிக்கணினியில் ஓடும். இஸ்ரோவின் புவன் தளத்தில் இந்தியப் படங்கள் கிடைக்கும். உவர்நீர் மீன் வளர்ப்பு பற்றிச் சந்தேகம் கேட்கச் சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. எல்லையில் வேலை செய்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: தமிழக வரைபடமும் ஆந்திர வரைபடமும் எல்லைக்கோட்டில் துல்லியமாக ஒட்டாது. எங்கோ ஒரு கீற்று இரண்டிலும் வரும், எங்கோ ஒரு கீற்று எதிலும் வராது. அந்த இடங்களில் சர்வே எண்ணை இரு பக்கத்து வருவாய் அலுவலகத்திலும் சரிபார்த்துவிட்டே அடுத்த அடி வையுங்கள்.

வரைபடத்தின் மூலையில் ஒவ்வொரு அடுக்குக்கும் மூன்று விவரம் எழுதுங்கள்: எந்த நாள் எடுத்தது, எங்கிருந்து எடுத்தது, யார் அளந்தது. முகத்துவாரம் இடம் மாறினாலோ கால்வாயில் புதிய பண்ணைகள் வந்தாலோ எந்த அடுக்கு பழசாகிவிட்டது என்று அப்போதுதான் தெரியும். அதை மட்டும் மறுபடி அளந்து மாற்றினால் போதும், மற்றவை அப்படியே பயன்படும்.